எச்டிஎம்ஐ துளை மட்டும் போதாது: பழைய கேம் செட்டில் படத்தை எங்கிருந்து எடுப்பது

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் அந்தச் சின்ன டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். மறுபக்கம் எச்டிஎம்ஐ. மேலே 1080பி என்று அச்சு. பரணிலிருந்து இறக்கிய மெகா டிரைவ், லிட்டில் மாஸ்டர் மாதிரிப் பழைய கேம் செட்டை அதில் செருகினால் படம் என்னவோ வரும். ஆனால் எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும், சிவப்பு பக்கத்து நிறத்துக்குள் கசியும், பொத்தானை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் ஆள் குதிப்பான். இதைவிட விலை கூடிய டப்பா வாங்கினாலும் அதே கதைதான். ஏனென்றால் படம் கெட்டது டப்பாவுக்குள் அல்ல. மஞ்சள் ஒயருக்குள் நுழையும்போதே கெட்டுவிட்டது.

கன்சோலுக்குள், அதாவது கேம் செட்டுக்குள், படம் முதலில் வெறும் எண். இந்தப் பிக்சல் இந்த நிறம் என்ற கணக்கு. அடுத்த படியில் அது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மின்னழுத்தங்களாகிறது; இதுதான் ஆர்ஜிபி. அதற்கடுத்து என்கோடர் ஐசி அந்த மூன்றையும் ஒரே ஒயரில் திணித்து காம்போசிட் ஆக்குகிறது; மஞ்சள் ஒயரில் வருவது இதுதான். கடைசியில் ஆர்எஃப் மாடுலேட்டர் அதையும் ஒரு டிவி சானலின் மேல் ஏற்றி அனுப்புகிறது. படிக்குப் படி கொஞ்சம் விவரம் போகும், போனது திரும்பாது. கன்சோல் மாடிஃபிகேஷன், அதாவது செட்டைத் திறந்து மாற்றி அமைப்பது என்றால் எச்டிஎம்ஐ துளை போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நான்கு படிகளில் எதில் கை வைக்கிறோம் என்பதுதான் உண்மையான கேள்வி.

காம்போசிட்டில் போவது எது? நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் நிறத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி வெளிச்சத் தகவலோடு கலந்து வருகிறது. அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி முறை என்றால் 3.58. டிவி இரண்டையும் மறுபடி பிரிக்க வேண்டும். மெல்லிய செங்குத்துக் கோடுகள் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஏறி இறங்குவதால், டிவி அவற்றை நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. சோனிக் கேமின் முதல் கட்டத்தில் வரும் அருவி ஒன்று விட்டு ஒன்று வரைந்த கோடுகள்தான். காம்போசிட்டில் அவை கலங்கி, தண்ணீர் கண்ணாடிபோல் தெரியும். சுத்தமான ஆர்ஜிபி-யில் சீப்புப் பற்கள்போல் தனித்தனியாக நிற்கும். தெளிவு கூடினால் எல்லாமே அழகாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மெகா டிரைவ்: ஆர்ஜிபி உள்ளேயே இருக்கிறது

இந்தியாவில் 1995-ல் ஷா வாலஸ் மூலம் விற்பனைக்கு வந்த செகா மெகா டிரைவ், மாற்றி அமைக்க நினைப்பவருக்கு நல்ல தொடக்கம். பின்பக்கத் துளையிலேயே ஆர்ஜிபி வருகிறது: மாடல் 1-ல் எட்டுக் கால் டின் துளை, மாடல் 2-ல் ஒன்பது கால் மினி டின். ஐரோப்பாவில் இதை ஸ்கார்ட் என்ற 21 கால் ஒயரால் நேராக டிவியில் செருகினார்கள். நம் ஊர் டிவிகளில் ஸ்கார்ட் புழங்கவே இல்லை. அதனால் ஆர்ஜிபி உள்ளேயே இருப்பது பலருக்குத் தெரியாமலே போனது.

மாடல் 1 போர்டில் பரவலாக இருப்பது சோனியின் சிஎக்ஸ்ஏ 1145 என்கோடர். அதன் 2, 3, 4ஆம் கால்களில் ஆர்ஜிபி உள்ளே போகிறது. 23, 22, 21ஆம் கால்களில் பெருக்கப்பட்டு வெளியே வருகிறது. 6ஆம் காலில் நிற அலை நுழைகிறது. இந்த 6ஆம் கால்தான் வில்லன். அதன் சிணுங்கல் பக்கத்துத் தடங்களுக்குள் கசிந்து, நீல வானத்தில் சிறைக் கம்பிகள்போல் மங்கலான நேர்க்கோடுகளைப் போடும். கோடுகள் ஏன் அசையாமல் நிற்கின்றன? பால் மெகா டிரைவின் மூலக் கடிகாரம் 53.203 மெகாஹெர்ட்ஸ். ஒரு கிடைக்கோட்டுக்கு 3420 துடிப்பு. நிற அலை அதில் 12-ல் ஒரு பங்கு. 3420-ஐ 12-ஆல் வகுத்தால் மீதியின்றி 285. ஒவ்வொரு கோட்டிலும் அலை அதே இடத்தில் தொடங்குவதால், கசிவும் வரிக்கு வரி அதே இடத்தில் விழுந்து கம்பியாகிறது.

தீர்வு: 6ஆம் காலை மெல்லத் தூக்கிவிட்டால் கம்பிகள் அடங்கும். கூடவே மஞ்சள் ஒயரின் நிறமும் போய்க் கருப்பு வெள்ளை ஆகும். ஆர்ஜிபி மட்டும்தான் இனி வேண்டும் என்று முடிவெடுத்த பிறகே இதைச் செய்யுங்கள். இன்னும் சுத்தம் வேண்டுமென்றால் என்கோடரையே தவிர்த்துவிட்டு, வீடியோ சிப்பிலிருந்து என்கோடருக்குப் போகும் வழியில் ஆர்ஜிபி-யைப் பிடித்து டிஎச்எஸ் 7374 பெருக்கி போர்டுக்குத் தரலாம். அது நான்கு தட ஐசி: மூன்று நிறத்துக்கு, ஒன்று சிங்க்குக்கு (கோடும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று டிவிக்குச் சொல்லும் துடிப்பு). உள்ளே 9.5 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி இருக்கிறது; வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளலாம். போனால் பிக்சல் விளிம்பு கூர்மையாகும், இருந்தால் இரைச்சல் குறையும். முதலில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு அணைப்பது புத்திசாலித்தனம்.

இங்கே பலர் சறுக்குவது 75 ஓம் கணக்கில். பெருக்கி சிக்னலை இரட்டிப்பாக்கி 1.4 வோல்ட்டில் அனுப்பும். வெளியேறும் ஒவ்வொரு தடத்திலும் 75 ஓம் ரெசிஸ்டர். டிவி அல்லது ஸ்கேலரின் (படத்தைப் பெரிதாக்கி டிவிக்குத் தரும் கருவி) உள்ளே இன்னொரு 75. இரண்டும் சேர்ந்து பாதியாக்க, கடைசியில் 0.7 வோல்ட். ரெசிஸ்டரை மறந்தால் வெள்ளை எல்லாம் வெளிறி, மேகமும் முகமும் ஒன்றாகிவிடும். போர்டிலும் ஒன்று, வாங்கிய ஒயருக்குள்ளும் ஒன்று என்று இரண்டு வந்துவிட்டால் 0.47 வோல்ட்டுதான் சேரும். படம் மாலை மயங்கியதுபோல் இருக்கும். "படம் டல்லா இருக்கு" என்று வரும் செட்டில் முதலில் ஒயரின் முனையைத் திறந்து பாருங்கள்.

சிங்க் ஒயருக்குத் தனிக் கவனம் வேண்டும். 5 வோல்ட் லாஜிக் சிங்க்கை நேராக ஸ்கேலருக்குள் விட்டால் உள்ளே இருக்கும் ஐசி நாளடைவில் சாகும். நடுவே 470 ஓம் போட்டால் 75 ஓம் முடிவில் ஏறத்தாழ 0.7 வோல்ட், அது தாங்கும். ஸ்கார்ட் ஒயர் வாங்கும்போது இன்னொரு கண்ணி: ஜப்பானின் 21 கால் ஆர்ஜிபி பிளக், ஐரோப்பிய ஸ்கார்ட்டின் அச்சு அசல்போல் இருக்கும். கால்களின் வரிசை வேறு.

அடாப்டரையும் பாருங்கள். மாடல் 1-க்கு நடு முனை மைனஸ், மாடல் 2-க்கு நடு முனை பிளஸ். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் அடாப்டரை இங்கே 230-ல் செருகிப் புகை பார்த்தவர்கள் நிறைய.

50, 60: நம் ஊருக்கே உரிய தலைவலி

இங்கு விற்ற செட்டுகள் பால் 50 ஹெர்ட்ஸ். பல கேம்கள் 60-க்கு எழுதப்பட்டவை. 50-ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடக்கும். மெகா டிரைவ் மாடல் 1-ல் ஜேபி3, ஜேபி4 ஜம்பர்கள் (போர்டில் இணைத்தோ துண்டித்தோ அமைப்பை மாற்றும் இடங்கள்) இதைத் தீர்மானிக்கின்றன; ஒரு சுவிட்ச் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடிகாரத் துடிப்பைத் தரும் பால் கிரிஸ்டல் அப்படியே இருப்பதால் கிடைப்பது சரியான 59.92 அல்ல, 59.38 ஹெர்ட்ஸ். பெரும்பாலான டிவிகள் சகித்துக்கொள்ளும். சில கேப்சர் கார்டுகளும் மானிட்டர்களும் இருண்டுவிடும்.

50-லேயே ஆடுபவர்களுக்கு மலிவு டப்பாக்கள் செய்யும் துரோகம் வேறு. உள்ளே எது வந்தாலும் வெளியே 60 ஹெர்ட்ஸ்தான் அனுப்புவேன் என்று பல டப்பாக்கள் பிடிவாதம் பிடிக்கும். 50 ஃப்ரேமை 60 ஆக்க ஐந்துக்கு ஒன்றைத் திரும்பக் காட்ட வேண்டும். பக்கவாட்டில் உருளும் காட்சி நொடிக்குப் பத்து முறை தடுக்கி விழும். நம் டிவி ஒளிபரப்பு 50 என்பதால் இங்கு விற்கும் டிவிகள் பொதுவாக 1080பி 50-ஐ ஏற்கும். கம்ப்யூட்டர் மானிட்டர்கள்தான் மறுக்கும். ஸ்கேலர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: உள்ளே 50 வந்தால் வெளியேயும் 50 வருமா?

டிவியை ஏமாற்றிய 240 கோடுகள்

பழைய டிவி சிக்னல் ஒற்றைக் கோடுகளை ஒரு தடவையும் இரட்டைக் கோடுகளை மறு தடவையும் வரைவது. என்டிஎஸ்சி-யில் ஒரு புலத்துக்கு, அதாவது ஒரு தடவைக்கு, 262.5 கோடு. அந்த அரைக் கோடுதான் அடுத்த புலத்தைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது. கன்சோல்கள் அந்த அரையை விட்டுவிட்டு 262-ஓடு நிறுத்தின. ஒவ்வொரு முறையும் அதே கோடுகள் மேலேயே படம் விழுந்தது. அவற்றில் படம் தெரியும் கோடுகள் சுமார் 240; இதுதான் 240பி. பிக்சர் டியூப் டிவிக்கு இது பொருட்டே இல்லை. எல்சிடி டிவியும் மலிவு டப்பாவும் இதை 480ஐ (ஒற்றை-இரட்டையாகப் பிரிந்து வரும் 480 கோட்டுப் படம்) என்று தவறாகப் புரிந்துகொண்டு, இல்லாத ஒற்றை-இரட்டைப் புலங்களை இணைக்கப் பார்க்கின்றன.

விளைவை நேரில் காண, அடிபட்ட பிறகு ஆள் மினுக்கும் எந்த கேமையும் போடுங்கள். ஒரு ஃப்ரேம் இருப்பான், அடுத்ததில் இல்லை. தப்பாக இணைக்கும் டப்பாவில் மினுக்கல் போய்விடும்: ஒன்று முழுசாக நிற்பான், இல்லை ஒரேயடியாகக் காணாமல் போவான், இல்லையென்றால் உடம்பில் வரிவரியாகச் சீப்பு விழும். ஒன்று விட்டு ஒன்று காட்டி நிழலாக்கும் தந்திரமும் அப்படியே செத்துப்போகும். இணைக்க ஃப்ரேம்களைச் சேமித்து வைக்க வேண்டியிருப்பதால்தான் தாமதமும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிநொடி, டப்பா இரண்டு மூன்றைப் பிடித்து வைக்க, டிவியும் தன் பங்குக்குச் சேர்க்கும். டிவியில் கேம் மோடை இயக்குவது காசில்லாத முதல் மருந்து.

இரண்டரை மாதிரி

ஆர்ஜிபி-யைச் சுத்தமாக எடுத்தாகிவிட்டது, 240பி-யைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ஸ்கேலரும் உண்டு. அப்படியும் பிக்சல்கள் கோணலாகத் தெரிந்தால் காரணம் மாதிரி எடுக்கும் வேகம், அதாவது ஸ்கேலர் ஒரு கோட்டில் சிக்னலை எத்தனை முறை அளக்கிறது என்பது. டிவி உலகின் பொதுத் தரம் 13.5 மெகாஹெர்ட்ஸ்: என்டிஎஸ்சி-யின் ஒரு கோட்டுக்கு 858 மாதிரி. சூப்பர் நின்டெண்டோவோ 256 பிக்சல் காட்சியில் ஒரு கோட்டுக்கு 341 துடிப்பு. 858-ஐ 341-ஆல் வகுத்தால் 2.516. ஆகவே ஒரு பிக்சலுக்கு 2 மாதிரி, பக்கத்துப் பிக்சலுக்கு 3. ஒரே அளவில் வரைந்த செங்கல் சுவர், கொத்தனார் அவசரத்தில் கட்டியதுபோல் ஒன்று ஒல்லி ஒன்று தடிமன் என்று தெரியும். திரை உருளும்போது அகலங்கள் இடம் மாறி மாறிச் சுவரே நடுங்கும்.

ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போன்ற ஸ்கேலர்களின் பெருமை இங்கேதான். கோட்டின் மொத்தம் 341 என்று சொல்லிவிட்டால் பிக்சலுக்கு ஒரே ஒரு மாதிரி எடுத்து, அதை முழு எண்ணால் பெருக்கும். மெகா டிரைவின் 320 காட்சிக்கு மொத்தம் 427. அதன் பிறகு ஃபேஸ் என்ற அமைப்பைத் திருப்ப வேண்டும்: மாதிரியைப் பிக்சலின் நடுவில் எடுக்கிறோமா, நிறம் மாறும் விளிம்பில் எடுக்கிறோமா என்பது அது. ஒரு கருப்பு ஒரு வெள்ளை என்று செங்குத்துக் கோடு போட்ட திரையைக் காட்டி, நடுக்கம் நிற்கும் வரை திருப்பினால் போதும்.

உயரத்திலும் கணக்கு உண்டு. 240-ஐ மூன்றால் பெருக்கினால் 720, ஒன்பதால் பெருக்கினால் 2160. 1080 மட்டும் நாலரை மடங்கு. அதனால் 4 மடங்கு எடுத்து மேலும் கீழும் கருப்பு விடலாம், அல்லது 5 மடங்கு எடுத்து ஓரத்தை வெட்டலாம். 4 மடங்கில் ஓர் அழகு இருக்கிறது: உயரம் 960. மெகா டிரைவின் 320-ஐ நாலால் பெருக்க 1280. சூப்பர் நின்டெண்டோவின் 256-ஐ ஐந்தால் பெருக்கினாலும் 1280. இரண்டுமே பிசிறில்லாத 4:3. சூப்பர் நின்டெண்டோவின் உண்மையான பிக்சல் விகிதம் 8:7 என்பதால், ஐந்து மடங்கு அகலம் நாலு மடங்கு உயரம் என்ற இந்த 5:4 சற்று அகலம்தான். ஆனால் எல்லாப் பிக்சலும் ஒரே அளவு என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சுங்கம் கட்டி ஸ்கேலர் வரவழைக்க மனம் வராதவர்களுக்கு ஜிபிஎஸ் (GBS) 8200 என்ற ஸ்கேலர் போர்டு இருக்கிறது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிகளுக்காக வந்த மலிவுச் சாமான். கூடவே வரும் மென்பொருள் மட்டம். உள்ளே இருக்கும் சிப் (பெயர் டிவி 5725) நல்ல சிப். போர்டின் சொந்த மைக்ரோகன்ட்ரோலரை ஜம்பரால் முடக்கி, ஜிபிஎஸ்-கன்ட்ரோல் மென்பொருள் ஏற்றிய ஈஎஸ்பி 8266 என்ற சின்ன வைஃபை போர்டை இணைக்க வேண்டும்: எஸ்சிஎல் தடம் அதன் டி1-க்கு, எஸ்டிஏ தடம் டி2-க்கு, டீபக் (debug) கால் டி6-க்கு, கூடவே கிரவுண்டும் மின்சாரமும். ஒயர்கள் குட்டையாக இருக்கட்டும். நீண்டால் இணைப்பு விட்டு விட்டு வரும். எஸ்ஐ 5351 கடிகார போர்டு ஒன்றையும் சேர்த்தால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒட்டிக்கொள்ளும், படம் கிழியாது. 1280×960 வெளியீடு உண்டு. ஆனால் வெளியே வருவது விஜிஏ. எச்டிஎம்ஐ ஆக்க இன்னொரு மாற்றி போட்டால் இன்னொரு முறை மாதிரி எடுப்பு. இந்த ஊரில் அதற்கு எளிய வழி இருக்கிறது: கம்பெனிகள் கழித்துப் போடும் 1280×1024 விஜிஏ மானிட்டர்கள். அதில் 960-ஐ அனுப்பினால் சில மானிட்டர்கள் 1024-க்கு இழுத்துவிடும். வாங்கும் முன் ஒரு லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள்.

ஆர்ஜிபி இல்லாத வீடுகள்

சண்டே பஜாரில் அள்ளக் கிடைக்கும் கேசட் கேம் செட்டுகள் வேறு ஜாதி. இவை நகலெடுத்த நின்டெண்டோவின் அசல் என்இஎஸ்ஸின் படச் சிப்பே காம்போசிட்டாகத்தான் வெளியிடும். ஆர்ஜிபி அந்தச் சிப்பில் எந்தக் காலிலும் வராது. அசலுக்கு, சிப்பின் தரவு வழியை ஒட்டுக்கேட்டு நிறத்தைத் திரும்பக் கட்டும் என்இஎஸ்ஆர்ஜிபி, ஹை-டெஃப் என்இஎஸ் போன்ற போர்டுகள் உண்டு. 40 கால் சிப்பைக் கழற்ற வேண்டும். நம் நகல் செட்டுகளில் எல்லாமே ஒரு கருப்புப் பிசின் உருண்டைக்குள் அடங்கியிருக்கும். அதில் இவை ஏறாது. யாராவது செய்து தருகிறேன் என்றால் முதலில் எப்படி என்று கேளுங்கள்.

அங்கே செய்யக்கூடியது ஆர்எஃப் மாடுலேட்டருக்கு முன்பே காம்போசிட்டைப் பிடிப்பது. பழக்கமான சுற்று இது: வீடியோ தடம் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரின் பேஸுக்கு; எமிட்டரிலிருந்து 300 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு; கலெக்டர் கிரவுண்டுக்கு; எமிட்டரிலிருந்து 110 ஓம், 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மஞ்சள் துளைக்கு. கெப்பாசிட்டரின் பிளஸ் டிரான்சிஸ்டர் பக்கம். வரைபடங்களில் 2எஸ்ஏ 1015 என்று இருக்கும். கடையில் பிசி 557 தருவார்கள், வேலை செய்யும். ஆனால் 1015-ன் கால் வரிசை எமிட்டர், கலெக்டர், பேஸ். 557-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். வரைபடத்தைப் பார்த்து அப்படியே வைத்தால் திரை கருப்பாக இருக்கும், அல்லது நிழல்போல் ஏதோ தெரியும். பழைய மாடுலேட்டருக்குப் போகும் தடத்தை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது சிக்னலைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

நின்டெண்டோ 64 இதற்கு நேர் எதிர். டிஜிட்டல் எண்களையே பிடித்து எச்டிஎம்ஐ ஆக்கும் போர்டுகள் உண்டு. ஆனாலும் படம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். மங்கலாக்கும் வடிகட்டி கன்சோலின் சிப்புக்குள், நாம் பிடிக்கும் இடத்துக்கு முன்பே இருப்பதுதான் காரணம். சில போர்டுகளில் இருக்கும் டீ-ப்ளர், இடையில் செருகப்பட்ட பிக்சல்களை விட்டுவிட்டு அந்த மங்கலில் ஒரு பகுதியைக் கழிக்கிறது. ஏழு தரவுத் தடங்களில்தான் மூன்று நிறமும் முறை வைத்து வருகின்றன. அதனால் ஒரு ஈயப் பற்று விட்டுப்போனால் ஒரு நிறம் மட்டும் கெடாது. மூன்றும் ஒரே மாதிரி படிப்படியாக உடையும். மேல் பிட் போனால் வானம் துண்டு துண்டாகும். கீழ் பிட் போனால் பல மாதம் யாருக்கும் தெரியாது.

பிளேஸ்டேஷன் 2-க்கு இவ்வளவு பாடு வேண்டாம். காம்போனென்ட் ஒயர் (வெளிச்சமும் நிறமும் மூன்று தனி ஒயர்களில் போவது) போடுங்கள். செட்டிங்கில் காம்போனென்ட் வெளியீட்டை ஆர்ஜிபி-யிலிருந்து ஒய்-பிபி-பிஆர்-க்கு மாற்றுங்கள். நிறம் பேயடித்ததுபோல் இருக்கிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

படுதா ஆடினால்

கிடைமட்டமாக ஓர் இருண்ட பட்டை திரையில் நகர்ந்தால் அது மின்சாரத்தின் சேட்டை: வறண்ட கெப்பாசிட்டர், பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர், அல்லது கேபிள் டிவி ஒயர் வழியாக உண்டாகும் கிரவுண்ட் வளையம் (கிரவுண்ட் இரண்டு வழிகளில் இணைந்து வளையமாவது). நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50 ஹெர்ட்ஸ் படத்தில் பட்டை நத்தைபோல் ஊரும். 60-க்கு மாற்றினால் அதே கோளாறு படபடக்கும். 60 சுவிட்ச் போட்டதால்தான் கெட்டது என்று சுவிட்சைக் கழற்றாதீர்கள். கோளாறு முன்பே இருந்தது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். டிவியில் இருக்கும் கேபிள் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். பட்டை மறைந்தால் கன்சோலைத் திறக்கும் வேலை இல்லை. மெல்லிய சாய்கோடுகள் ஊர்ந்தால் அது மலிவு ஸ்விட்சிங் அடாப்டர்.

வேலையைக் கடையில் கொடுத்து வாங்குபவர்கள் 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச மென்பொருளை ஒரு ஃப்ளாஷ் கேசட்டில் ஏற்றிக் கையோடு கொண்டுபோகலாம். மூன்று திரை போதும். நிழல் சோதனையில் நிழல் மினுக்க வேண்டும். நிலையாக நின்றாலோ காணாமல் போனாலோ 240பி-யைத் தப்பாகப் புரிந்திருக்கிறது. கட்டத் திரையில் எல்லாக் கட்டமும் ஒரே அகலமா என்று பாருங்கள். சாம்பல் படிகளில் கருப்புக்கு அடுத்த படி தெரிய வேண்டும். தெரியாவிட்டாலோ கருப்பே சாம்பலாக இருந்தாலோ, ஸ்கேலர் கருப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை 0 முதல் 255 வரை அனுப்ப டிவி 16 முதல் 235 வரை எதிர்பார்க்கிறது, அல்லது நேர்மாறாக நடக்கிறது. அதை டிவி மெனுவிலேயே சரிசெய்துவிடலாம். மற்ற இரண்டில் தவறினால் செட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.